வாக்கும் வாய்க்காலும்

வீட்டு முன் ஓடும் கழிவுநீர்க் கால்வாயை மலேசியாவில் நாம் லோங்காங் என்போம். இலங்கையின் அட்டன் பக்கத்து லயன்களில் அது கான். இந்தியாவின் வால்பாறையிலும் மூணாறிலும் சாக்கடை. பெயர் மூன்றானாலும் நாற்றம் ஒன்றுதான். மழைக்காலத்தில் வாசற்படி ஏறிவரும் தண்ணீரும் ஒன்றுதான். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் யாரிடம் போய் நிற்கிறார் என்பதில்தான் மூன்று நாடும் மூன்று வழியாகப் பிரிகின்றன.

வால்பாறைக்காரர் வார்டு கவுன்சிலரைத் தேடிப் போவார். அட்டன்காரர் பிரதேச சபை உறுப்பினரிடம் போவார்; ஆனால் முப்பது ஆண்டுகளாக அந்த உறுப்பினரால் கையை விரிக்கத்தான் முடிந்தது. இங்கே லாபுவிலும் லிங்கியிலும் பகாவிலும் நம் தாத்தாக்கள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், தோட்டக் கணக்கரான கிராணியிடம் சொன்னார்கள். கிராணி துரையிடம் சொன்னார். துரைக்கு மேலே சொல்ல ஆள் இல்லை.

மூவரும் ஒரே சீமையிலிருந்து கிளம்பியவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி நெகிரி செம்பிலானின் பால்மரக் காடுகளுக்கு வந்தார்கள். மண்டபம் வழியாகத் தலைமன்னார் போனவர்கள் மலையகத்தின் தேயிலைக்குப் போனார்கள். கடல் தாண்டாதவர்கள் ஆனைமலையும் மூணாறும் ஏறினார்கள். மூன்று இடத்திலும் கங்காணி உண்டு, லயம் உண்டு, கோயில் உண்டு, கோயில் வாசலில் கூடும் பஞ்சாயத்து உண்டு. குடித்துவிட்டுச் சண்டை போட்டவனுக்கு அபராதம் விதிக்கப் பஞ்சாயத்தால் முடிந்தது. கால்வாய் வெட்டவோ விளக்குப் போடவோ அதனிடம் காசும் இல்லை, நிலமும் இல்லை.

நிலம் கம்பெனியுடையது என்பதால், அங்கே வாழ்வோரின் வசதிக்கும் கம்பெனியே பொறுப்பு என்று சட்டங்கள் வந்தன. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கழிப்பறை, மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் கடமை ஆக்கியது. மலேசியாவில் 1966இல் ஒரு வீடமைப்புத் தரச் சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக 446ஆம் சட்டம் வந்தது. நல்ல நோக்கத்தில் எழுதிய சட்டங்கள்தாம். ஆனால் அவை பக்கத்து ஊர் மன்றத்துக்கு ஒரு வசதியான பதிலையும் கொடுத்தன: “அது தோட்டத்து வேலை, தோட்டத்திடம் கேளுங்கள்.” நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இந்தப் பதில் பழக்கமானதே. தோட்ட நிலத்தில் நிற்பதால் பல பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன.

இலங்கையில் இந்தப் பதிலைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தார்கள். 1930களின் இறுதியில் கிராமச் சபைகளுக்கான சட்டத்தைத் திருத்தியபோது, தோட்ட லயன்களில் குடியிருக்கும் தொழிலாளருக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை என்றாக்கினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாட்டுக்கே அந்நியர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தது.

வாக்கு வந்தது, வாய்க்கால் வரவில்லை. கிராமப்புற உள்ளூராட்சிக்காக 1987இல் இயற்றிய 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடத் தடையாக நின்றது. மலையகத் தமிழர் வாக்களித்து, மலையகத் தமிழரே தவிசாளராகி, தமிழிலேயே கூட்டம் நடத்தினாலும், தம்மைத் தேர்ந்தெடுத்த லயனின் பாதையைச் செப்பனிடச் சபைப் பணத்தைத் தொட முடியாது. வெளியே பிரதான வீதியில் விளக்கு எரியும். லயனுக்குத் திரும்பும் மண் பாதை இருட்டாகக் கிடக்கும்.

சபைகளின் எண்ணிக்கையிலும் இதே கதைதான். ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் கொண்ட அம்பகமுவைக்கு ஒரு பிரதேச சபை, அதே அளவு மக்கள் கொண்ட நுவரெலியாவுக்கு ஒரு பிரதேச சபை என்று நெடுங்காலம் ஓடியது. 2018 பெப்ரவரித் தேர்தலுக்கு முன்னர் அவற்றைப் பிரித்து, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளை அமைத்தார்கள். அதே ஆண்டில் பாராளுமன்றம் 33ஆம் பிரிவையும் திருத்தித் தோட்டங்களுக்குள் பணி செய்ய வழிவிட்டது. மூன்று தசாப்தப் போராட்டத்தின் பலன் அது. ஆனால் நெடுநாள் அனுபவிக்கக் கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த ஆண்டு நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6ஆம் தேதிதான் நடந்தது. கதவு திறந்த பிறகு இரண்டு ஆண்டுகள் வீட்டில் ஆளே இல்லை.

இந்தியாவின் கதை வேறு திசையில் போகிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் தேர்தல் நடத்தியே அமைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. ஆனைமலைத் தொடரில் தேயிலைக்கு நடுவே இருக்கும் வால்பாறை இன்று ஒரு நகராட்சி. எஸ்டேட் லயங்களும் அதன் வார்டுகளுக்குள் வருகின்றன. கொழுந்து பறிக்கும் பெண் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம்.

அப்படி நின்று காட்டியவர்கள் மூணாறுப் பெண்கள். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், குறைத்த போனசுக்கும் குறைந்த கூலிக்கும் எதிராகச் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. போராட்டத்தின் சூடு ஆறுமுன் நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வேட்பாளர்களை நிறுத்தினார்கள். போராட்டத்தில் முன்னின்ற கோமதி, நல்லதண்ணி தொகுதியிலிருந்து தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குத் தேர்வானார். கிராம ஊராட்சியிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்று கேரளச் சட்டம் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தது. கூலிக்காகச் சாலைக்கு வந்தவர்கள் இரண்டே மாதத்தில் மன்றத்துக்குள் போக அங்கே ஒரு கதவு இருந்தது. நம்மிடம் அந்தக் கதவு இல்லை.

அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. வாக்கு ஊராட்சியில் இருந்தாலும் லயம் கம்பெனியில்தான் இருக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் மாண்டார்கள். தமக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள், கம்பெனி எங்கே வீடு கட்டியதோ அங்கே வாழ்ந்தவர்கள்.

இனி நம் மாநிலம். நெகிரி செம்பிலானில் ஏழு உள்ளூர் மன்றங்கள் இருக்கின்றன. சிரம்பானும் நீலாயும் 2020இல் ஒன்றாகி மாநகர் மன்றமாயின. போர்ட்டிக்சனும் ஜெம்போலும் நகராண்மைக் கழகங்கள். ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா, ஜெலுபு மாவட்ட மன்றங்கள். ஏழிலும் மக்கள் வாக்களித்து வந்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலாயாவின் முதல் தேர்தலே நாடாளுமன்றத்துக்கு நடந்ததன்று. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகர மன்றத்துக்கு நடந்தது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளூர்த் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். அந்நாளில் முறைகேட்டுப் புகார் எழுந்து மாநில அரசின் கைக்குப் போன மன்றங்களில் நம் சிரம்பானும் ஒன்று. இவற்றை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர், ம.இ.கா.வின் செனட்டர் ஆதி நாகப்பன். ஊர் ஊராக விசாரித்து 1968இல் அவர் தந்த அறிக்கை, உள்ளூர்த் தேர்தல்களைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 1976இன் 171ஆம் சட்டமான உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையை நிலையாக்கியது.

அச்சட்டப்படி ஒரு மன்றத்துக்கு எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள். மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு மாநில அரசு நியமிக்கிறது. உள்ளூராட்சி அனுபவம் உடையவர், தொழிலிலோ வணிகத்திலோ சிறந்தவர், தம் சமூகத்தின் நலனைப் பேசத் தகுந்தவர் என்று சட்டம் தகுதி சொல்கிறது. நடைமுறையில் பட்டியல் கட்சி அலுவலகங்களில் தயாராகிறது. அங்காடிக் கடை உரிமம், நாய் உரிமம், வீட்டு முன் கூரையை எவ்வளவு நீட்டலாம் என்பது வரை நம் அன்றாடத்தைக் கட்டும் துணைச் சட்டங்களுக்குக் கை தூக்குபவர்கள் இவர்கள்தாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. சிரம்பானின் தாமான் குடியிருப்புகளில் தார்ச்சாலை இருக்கிறது, விளக்கு எரிகிறது. வாக்குள்ள மலையக லயனைவிட வாக்கில்லாத நம் தாமான் வசதியாகவே இருக்கிறது. பணமுள்ள மன்றம் வாக்கு கேட்காமலும் வேலை செய்யும். ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது என்ற முடிவில் நமக்குப் பங்கில்லை. செய்யாதவரை வீட்டுக்கு அனுப்பவும் வழியில்லை. இதில் ஒரு வேடிக்கை: அடாட் பெர்பாத்தே மரபில் குலத்தார் கூடித் தம் தலைவரைத் தேர்வதும், உண்டாங் எனும் பகுதித் தலைவர்கள் கூடி மாநில ஆட்சியாளரையே தேர்வதும் இந்த மண்ணின் வழக்கம். அரசரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தில் கால்வாய்க்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

மூன்றையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. இலங்கையில் வாக்கு இருந்தது, செலவிடும் உரிமை இல்லை. இந்தியாவில் வாக்கும் மன்றமும் இருக்கின்றன, காலடி நிலம் இல்லை. இங்கே மன்றத்திடம் பணம் இருக்கிறது, மக்களிடம் வாக்கு இல்லை. மூன்றில் மலையகத்தார் ஒரு படி முன்னே போய்விட்டார்கள் என்பேன். தம் கையைக் கட்டிய பிரிவு எதுவென்று எண்ணோடு தெரிந்துவைத்திருந்தார்கள். அதை மாற்றும்வரை அதைப் பற்றியே பேசினார்கள்.

நம் தோட்டங்கள் செம்பனையாயின, பல தாமான்களாயின. லயத்துப் பிள்ளைகள் செனவாங்கிலும் லுக்குட்டிலும் ரந்தாவிலும் வீடு வாங்கி ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டுகிறார்கள். துரையின் குடிகளாக இருந்தவர்கள் மன்றத்தின் வரிதாரர்கள் ஆனபிறகும் பெரட்டுப் பழக்கம் மட்டும் போகவில்லை. குறை வந்தால் கட்சிக்காரரிடமோ கோயில் தலைவரிடமோ சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம்.

நாமும் ஒரு பிரிவின் எண்ணைத் தெரிந்துகொள்வோம். 171ஆம் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை என்கிறது. மன்றமே தீர்மானம் போட்டு விலக்கினால்தான் கதவை மூடலாம். வாக்கு திரும்பும் நாள் வரும்போது வரட்டும். அடுத்த முழுக் கூட்டம் எந்தத் தேதி என்று இந்த வாரமே மன்ற அலுவலகத்தில் கேளுங்கள். அன்று நான்கு பேராகப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள்.