மாசாணியம்மனும் கிரேக்கத் தொன்மங்களும்: ஓர் ஒப்பீட்டு விமர்சனம்

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் கோயில் கொண்டுள்ள மாசாணியம்மனைக் கிரேக்கத் தொன்மத்தின் பெர்செபனியோடு ஒப்பிடுவது எளிது. இருவரும் இளம்பெண்கள். இருவர் கதையிலும் ஒரு கனி உண்டு. ஒருத்தி பாதாளத்துக்கு அரசி. மற்றவள் மயானத்தில் படுத்த கோலத்தில் இருப்பவள். ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த ஒப்பீடு பிழையானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மாசாணியம்மன் கதையின் பழைய வடிவம் குறுந்தொகை 292ஆம் பாடலில் உள்ளது. பாடியவர் பரணர். நீராடச் சென்ற பெண் ஒருத்தி, ஆற்று நீர் அடித்துக்கொண்டு வந்த மாங்காயைத் தின்றாள். அது நன்னனுடைய காவல்மரத்தின் காய். அதற்காக அவளுக்குக் கொலைத் தண்டனை விதிக்கப்பட்டது. 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் ஈடாகக் கொடுக்க முன்வந்தும் நன்னன் ஏற்கவில்லை. இவ்வளவும் அப்பாடலில் ஓர் உவமைதான். மகளின் காதலுக்குக் குறுக்கே நின்று இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்கும் தாயை, நன்னன் புகுந்த நரகத்துக்கே போகட்டும் என்று தோழி சபிக்கிறாள். கொலையுண்ட பெண்ணுக்குப் பாடலில் பெயர் இல்லை.

இப்போது பெர்செபனியைப் பார்ப்போம். தெமீட்டரின் மகளான அவளை ஏடிஸ் கவர்ந்து செல்கிறான். திரும்பி வரும் நேரத்தில் தந்திரமாக ஒரு மாதுளை விதையை உண்ணச் செய்கிறான். பாதாளத்து உணவைத் தொட்டதால் ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு அவள் அங்கேயே இருக்க வேண்டியதாகிறது. இது பருவங்கள் மாறுவதற்குக் காரணம் சொல்லும் கதை. இதில் கொலையும் இல்லை, வழக்கும் இல்லை. நம் கதையிலோ ஓர் அரசன் செய்த அநீதிதான் மையம். கனி ஒரு சாக்கு மட்டுமே. கனியைப் பார்த்து ஒப்பிட்டவர்கள் அரசனைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

மரத்தை வைத்து ஒப்பிட்டாலும் கதை தலைகீழாகிறது. தெமீட்டருக்குரிய தோப்பில் மரம் வெட்டிய எரிசிக்தோன் தீராப் பசியால் தண்டிக்கப்பட்டான். அங்கே மரத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. இங்கே நன்னனின் மாமரத்தைக் கோசர் சூழ்ச்சியால் வெட்டியதைக் குறுந்தொகை 73 சொல்கிறது. கோயில் கதை கேட்கும் நாம் மரத்தின் பக்கம் நிற்பதில்லை, வெட்டியவர் பக்கம்தான் நிற்கிறோம்.

இடம் பற்றிய எச்சரிக்கை

பரணர் பாடலில் ஆனைமலை என்ற பெயர் இல்லை. சங்கப் பாடல்கள் நன்னனை ஏழில்மலையோடும் கொண்கானத்தோடும் சேர்த்துச் சொல்கின்றன. ஏழில்மலை இன்றைய கண்ணூர் மாவட்டத்தில் உள்ளது. நன்னன் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்தனர். கோசர்கள் பழிவாங்கி நன்னனைக் கொன்றதாகக் கோயில் கதை கூறும். அகநானூறோ வாகைப் பெருந்துறைப் போரில் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலிடம் அவன் வீழ்ந்ததாகக் கூறும். ஆகவே தலபுராணத்தை அப்படியே வரலாறாக எழுதும் கட்டுரைகளை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அதற்காகக் கோயில் கதை பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. பாடலில் வசைக்கு உவமையாக மட்டும் நின்ற பெண்ணை ஊர் மக்கள் தெய்வமாக்கி, அவளிடமே நியாயம் கேட்கிறார்கள். புலவர் செய்யாததை ஊர் செய்திருக்கிறது.

நெருங்கிய ஒப்புமை

நியாயம் கேட்கும் இந்த வழக்கத்தில்தான் உண்மையான கிரேக்க ஒப்புமை கிடைக்கிறது. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்களும் நம்பி ஏமாந்தவர்களும் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். தவறு செய்தவனுக்கு அந்த எரிச்சல் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. வேண்டுதல் பலித்தபின் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர்விப்பதும் உண்டு.

சின்ன ஆசியாவின் கடற்கரையில் நைடஸ் என்ற கிரேக்க நகரம் இருந்தது. அங்குள்ள தெமீட்டர் கோயிலில் 1850களின் இறுதியில் சார்ல்ஸ் நியூட்டன் அகழாய்வு செய்து ஈயத் தகடுகளைக் கண்டெடுத்தார். கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் அவற்றில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடைக்கலமாகக் கொடுத்ததைத் திருப்பித் தராதவன், துணியைத் திருடியவன், வீண்பழி சுமத்தியவன் ஆகியோரைத் தெமீட்டரிடமும் பெர்செபனியிடமும் அவர்கள் ஒப்படைக்கிறார்கள். குற்றவாளி உடல் எரிந்து, கோயிலுக்கு வந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவ்வேண்டுதல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எரிச்சலைக் குறிக்கும் அச்சொல்லுக்கு வேறு பொருள் காண்பாரும் உளர். எரிச்சல் என்பதே பெரும்பாலோர் கொள்ளும் பொருள். அறிஞர் வெர்ஸ்னெல் இவற்றைச் சாபம் என்று சொல்லாமல் 'நீதிக்கான வேண்டுதல்' எனத் தனியே வகைப்படுத்தினார். மிளகாய் அரைப்பதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் இந்த வகைப்பாட்டைப் படித்துப் பார்க்கலாம்.

பெர்செபனி இந்தக் கட்டுரைக்குள் மீண்டும் வந்துவிட்டாள் என்பது உண்மைதான். ஆனால் இப்போது அவள் மாதுளை தின்ற பெண்ணாக வரவில்லை. ஏமாந்தவர்களின் வழக்கைக் கேட்பவளாக வந்திருக்கிறாள். வேறுபாடும் ஒன்று உண்டு. நைடஸ் பெண்கள் தகட்டில் தங்கள் பெயரையே எழுதினார்கள். ஆனைமலையில் எழுத்து எதுவும் மிஞ்சுவதில்லை. நாளைக்கு ஆய்வு செய்ய வருபவருக்கு அம்மிக்கல்லின் தேய்மானம் மட்டும்தான் கிடைக்கும்.