தாடிக்குப் பின்னால் பீச்சஸ்

பீச்சஸ் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2003 ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் அந்தத் தாடிதான். அம்மாவை இழுக்கும் ஆங்கில வசவை அப்பன் பக்கம் திருப்பிவிட்டு, அதையே ஆல்பத்துக்குப் பெயராகவும் வைத்தார். சரி, அதிர்ச்சிதான். ஆனா அதிர்ச்சிக்கு ஆயுசு கம்மி.

மிஞ்சி நிற்பது வேறு. டொராண்டோவில் குழந்தைகளுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுத்த மெரில் நிஸ்கர், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு 2000இல் 'தி டீச்சஸ் ஆஃப் பீச்சஸ்' செய்தார். பீட்டும் குரலும் அவரே. ராக் மேடையில் ஆண்கள் காட்டும் திமிரை, பின்னால் ஒரு பேண்டுகூட இல்லாமல் காட்டினார்.

2010இல் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' முழுவதையும் பாடினார். துணைக்கு சில்லி கொன்சாலஸின் பியானோ மட்டும். இயேசு, யூதாஸ், மரியா எல்லாம் ஒரே தொண்டை. பீட்டும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. என்னைக் கேட்டால், தாடியைவிடப் பெரிய கலகம் இதுதான்.