ஓடின் பிராஜெக்ட்: பாடம் நன்று, வாசல் கடினம்
எஸ்.பி.எம். முடித்து ஃபுல் ஸ்டாக் இணைய நிரலாளராக நினைக்கிறீர்களா? ‘தி ஓடின் பிராஜெக்ட்’ காசு கேட்காத நல்ல பாடத்திட்டம். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை; பிறகு ரூபி அல்லது நோட் ஜே.எஸ். வழி.

இதன் பலம் செயல்திட்டங்கள்தான். 16-க்கு 16 கட்டம் போட்டு, மவுஸ் போகும் கட்டமெல்லாம் நிறம் மாறணும் என்பார்கள். முழு விடையைக் கொடுக்க மாட்டார்கள். நீங்களே முட்டி மோதணும். மாதிரிக் கட்டுரையை முதலிலேயே நீட்டிவிடும் நம் வகுப்புக்கு நேர் எதிர்!

ஆனால், முதல் வரி நிரல் எழுதுமுன்பே லினக்ஸ் நிறுவச் சொல்வது சரியாகப் படவில்லை. வீட்டிலுள்ள ஒரே விண்டோஸ் மடிக்கணினியை அண்ணனோடு பகிரும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஆசிரியர்களே, அந்த ஒரு பாடத்துக்காவது பக்கத்தில் உட்காருங்கள்.