18 எங்கிருந்து வந்தது?

காணொளிப் பாடங்களுக்காக வாதாடுகிறவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் அந்த வாக்கியத்துக்கு வந்துவிடுவார்கள்: "புரியவில்லையா? எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாமே!" கல்லூரிக் கருத்தரங்குகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மாணவருக்கு உதவுவது என்றால் இப்போது வீடியோவைச் சின்னதாக வெட்டுவது, தமிழில் சப்டைட்டில் போடுவது, பிறகு திருப்பிப் பார்க்கச் சொல்வது என்றாகிவிட்டது.

நல்லது இல்லாமல் இல்லை. 2003-இல் ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல் என்ற காணொளிப் பாடத் திட்டத்தைத் தொடங்கியிராவிட்டால், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஐஐடி பேராசிரியர் ஒருவரின் முழுப் பருவப் பாடத்தைக் காசில்லாமல் கேட்டிருக்க முடியாது. மஞ்சள்காமாலையில் மூன்று வாரம் படுத்த மாணவிக்கு வீடியோதான் வகுப்பு. மூச்சுவிடாமல் நோட்ஸ் சொல்லி எழுதவைக்கிற ஆசிரியரைவிட எந்த வீடியோவும் மேல். இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. திருப்பிப் பார்ப்பதோடுதான் என் சண்டை.

சென்ற பருவத்தில் சிவில் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் வந்தான். "பெண்டிங் மொமென்ட் வீடியோ நாலு தடவை பாத்துட்டேன் சார், நல்லாப் புரிஞ்சுது." வீடியோவில் பளு பீமின் நட்டநடுவில் இருந்தது. நான் அதைக் கொஞ்சம் நகர்த்தினேன்: இரு முனையிலும் தாங்கி வைத்த 6 மீட்டர் பீம், இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் பளு. பீமை வளைக்கும் மொமென்ட் அதிகபட்சம் எவ்வளவு? பத்தே விநாடியில் 18 என்று எழுதினான். பளுவை நீளத்தால் பெருக்கி நாலால் வகுத்திருக்கிறான். நடுவில் பளு இருந்தால் மட்டும் செல்லும் கணக்கு அது.

"ரெண்டு முனையும் எவ்வளவு எவ்வளவு தாங்குதுப்பா?"

"சமமாத்தான் சார். ஆறு, ஆறு."

"கம்புல குடத்தைக் கட்டி ரெண்டு பேர் தூக்குறீங்க. குடம் உன் பக்கம் நகர்ந்து இருந்தா?"

சிரித்துவிட்டான். ஆறுகளை அடித்துவிட்டு 8, 4 என்று எழுதினான். எட்டை இரண்டால் பெருக்கி 16-க்கு அவனே வந்தான். மொத்தம் மூன்று நிமிடம். நாலு தடவை பார்த்தும் அகப்படாத ஓட்டை அது. அகப்படவும் செய்யாது, ஏனென்றால் ஓட்டை வீடியோவில் இல்லை, அவனிடம் இருந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் வீடியோ தன்னைத்தான் காட்டும், பார்க்கிறவனைக் காட்டாது.

இது கரும்பலகைக்காரனின் புலம்பல் மட்டும் அல்ல. 2018-இல் கார்டஸ், ஓப்ரையன் என்ற இரு சிகாகோ ஆய்வாளர்கள், இலக்குப் பலகையில் அம்பு எறியும் வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு 20 தடவையும் காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்களுக்கு நம்பிக்கை ஏறியது. எறிந்தபோது குறி ஏறவில்லை. இன்று வெரிடாசியம் சேனலால் உலகறிந்த டெரெக் முல்லர், சிட்னியில் தன் முனைவர் பட்டத்துக்கு இதைவிடச் சங்கடமான ஒன்றைக் கண்டார். நியூட்டன் விதிகளைத் தெளிவாக விளக்கிய வீடியோவை மாணவர்கள் 'எளிது, தெளிவு' என்று பாராட்டினார்கள். அவர்கள் மதிப்பெண் ஏறக்குறைய நகரவில்லை. மாணவர்களின் தப்பான எண்ணத்தை முதலில் பேசவைத்து அதோடு மல்லுக்கட்டிய வீடியோ 'குழப்பமாக' இருந்தது என்றார்கள். மதிப்பெண் அதில்தான் ஏறியது. தெளிவே தூங்கவைக்கிறது. பாடம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தனக்கும் தெரியும் என்ற மயக்கம் வருகிறது. திருப்பிப் பார்ப்பது அந்த மயக்கத்தின் இரண்டாம் டோஸ். திருப்பிப் பார்ப்பது படிப்பே இல்லை, படிப்பை மரியாதையாகத் தள்ளிப்போடும் வழி என்றுகூடச் சொல்வேன்.

'வீடியோ ஆறு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது' என்ற வேதவாக்குக்கும் அடியில் இருப்பது 2014-இல் எட்எக்ஸ் இணைய வகுப்புகளின் 69 லட்சம் பார்வைகளை அலசிய ஆய்வு. அது முதன்மையாக அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. ஆறு நிமிட மயக்கமும் மயக்கம்தான்.

இடையிடையே கேள்வி வைக்கிறோமே என்பார்கள். வைக்கலாம், கவனம் சிதறாமல் அது பிடித்துவைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு விடையில் ஒன்றைத் தொடும் கேள்வி, என் மாணவனின் 18-ஐத் தவறு என்று சிவப்பில் காட்டும், அவ்வளவே. 18 எங்கிருந்து வந்தது என்று கேட்காது. அவன் 16-ஐத் தொட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான். இந்தப் பாடங்களோடு வாராவாரம் வருகிற அசைன்மென்டின் கதை இன்னும் சுலபம்: கெடுவுக்கு முன்பே விடைகள் யூடியூபில் வந்துவிடுகின்றன. அதையும் வேண்டுமானால் திருப்பிப் பார்க்கலாம்.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் வருகிற அரசு இணையத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2021-இல் யுஜிசி விதி தளர்த்தியது. முன்பு 20. ஐஐடி ஆசிரியரின் பாடமும் உள்ளூர் ஆசிரியரின் மூன்று நிமிடமும் சேர்ந்தால் இந்த ஏற்பாட்டை நானே கொண்டாடுவேன். எனக்குத் தெரிந்த கல்லூரிகளில் நடப்பது வேறு. மென்டர் என்று ஒருவரைப் போடுகிறார்கள். எல்லாரும் பதிந்தார்களா, தேர்வுக் கட்டணம் கட்டினார்களா, கெடு தாண்டவில்லையா என்று வாட்ஸாப்பில் விரட்டுவது அவர் வேலை. பீம் வரைந்து பார்க்க அவருக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. இப்படி ஸ்வயத்துக்கு மாறிய பாடத்துக்கு முன்பெல்லாம் வாரம் நான்கு மணி நேரம் வகுப்பு இருந்தது. ஒரு கல்லூரியின் டைம்டேபிளில் அந்தக் கட்டங்களைப் பார்த்தேன். நான்கிலும் 'லைப்ரரி' என்று போட்டிருந்தது.