கொடுத்தவர் கணக்கு

உறுப்பு மாற்றுச் சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ‘விளைவு’ என்றொரு சொல் ஓயாது வரும். பொருத்திய சிறுநீரகம் எத்தனை ஆண்டு உழைத்தது, உடல் அதனை ஏற்றதா தள்ளிற்றா, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தினால் வேறு நோய் புகுந்ததா என்பனவே பெரும்பாலும் அச்சொல்லுக்குப் பொருள். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் 2001இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையிற் சிறந்தது. சிறுநீரகம் பெற்ற 1251 பேரில் 166 பேரைக் காசநோய் பற்றியது என்று அவர்கள் எண்ணிக் காட்டினர். மேனாட்டு ஏடுகளில் பெரிதாகப் பேசப்படாத ஒரு பின்விளைவு நம் நாட்டில் எத்துணைப் பெரிது என்பதை அக்கணக்கு உணர்த்திற்று. அதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆயினும் இத்தகைய கட்டுரைகளிலெல்லாம் பெற்றவர் ஒருவரே நோயாளி. உயிரோடிருந்து கொடுத்தவர் முதற்பக்கத்தில் ஒருமுறை தலைகாட்டி மறைந்துவிடுகிறார்.

இதனை நான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது தற்செயலாகத்தான். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கில் குடியிருக்கும் சகோதரி ஒருவரின் தமையனார் வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறார். அவருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைத் தர இவ்வம்மையார் முடிவு செய்திருக்கிறார். “அண்ணனுக்கு என்ன ஆகும்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. எனக்கு என்ன ஆகும்னு எதுலயாவது போட்டிருக்கா?” என்று மின்தூக்கி வாசலில் என்னைக் கேட்டார். நான் மருத்துவனல்லேன். படித்ததை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு. அவர் கேள்வியை உரைகல்லாக வைத்துக்கொண்டு சில கட்டுரைகளைப் படித்தேன்.

முதலிற் கிடைத்தது ‘லான்செட்’ ஏட்டில் 1990இல் வந்த கட்டுரை. வளைகுடா நாடுகளிலிருந்து பம்பாய்க்குப் போய்ச் சிறுநீரகம் விலைக்கு வாங்கித் திரும்பிய 130 பேரைப் பற்றியது. அவர்களுள் 24 பேர் ஓராண்டிற்குள் இறந்தனர், எச்.ஐ.வி. தொற்றுடன் திரும்பியோரும் உளர். விலைக்கு வாங்கிய உறுப்பு வாங்கியவனையே கொல்லும் என்று உலகுக்கு எடுத்துரைத்த கட்டுரை அது. ஆனால் அந்த 130 பேருக்கும் உடலைத் திறந்து கொடுத்தவர்கள் அதன் கணக்கில் இல்லை. எழுதியோரைக் குறைகூற இயலாது. அவர்களிடம் வந்த நோயாளிகள் வாங்கியோரே. எனினும் வாங்கியோருக்குத் தீங்கு என்பதனால் மட்டும் ஒரு வாணிகம் தீதாகிவிடுமாயின், நாளை மருத்துவம் வளர்ந்து வாங்கியோர் நன்கு வாழுங்கால் அது நன்றாகிவிடுமா?

அக்குறையை நீக்கியது சென்னையில் நடந்த ஆராய்ச்சி. மாதவ் கோயலும் பிறரும் 2001இல் சென்னையிற் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு வினவி, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் முடிவுகளை வெளியிட்டனர். வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று ஊரார் எள்ளி நகையாடிய காலம் ஒன்று இருந்தது. அந்த நகைப்புக்குள் இருந்த மனிதரை இக்கட்டுரை எண்ணிற்று. 305 பேரில் 217 பேர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடன் தீர்க்கவே விற்றனர். கிடைத்த தொகை சராசரி 1070 அமெரிக்க டாலர். தரகரும் மருத்துவமனைகளும் முதலிற் சொன்ன தொகையோ அதனினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதல். அறுவை நடந்து சராசரி ஆறாண்டுக்குப் பின் கேட்டபோது நான்கில் மூவர் இன்னும் கடனிலேயே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. உடல்நலம் கெட்டது என்றோர் நூற்றுக்கு 86 பேர். விற்க எண்ணும் பிறருக்கு இதனைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றோர் 79 பேர்.

இக்கட்டுரையைப் போற்றுவோர் பலர். அதன் குறைகளைச் சொல்வோர் சிலரே. சொல்லத்தான் வேண்டும். உடல்நலம் கெட்டது என்பது அவர்கள் வாய்மொழி. இரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்துக் கண்டதன்று. முன்பிருந்த நலத்தையும் நினைவிலிருந்தே சொல்லச் செய்தனர். அதே தெருவில் அதே கடனில் உழன்று, ஆனால் சிறுநீரகம் விற்காத ஒருவரை உடன் நிறுத்தி ஒப்பிடவில்லை. ஆகவே வருமானம் குறைந்ததற்கு அறுவை எவ்வளவு காரணம், வறுமையும் வயதும் எவ்வளவு காரணம் எனப் பிரித்துக் கூற இக்கட்டுரையால் ஆகாது. ஆறாண்டு என்பதும் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை சிறுபொழுதே. இத்தனையும் சொன்ன பிறகும் இதனை நான் உயர்த்தியே வைப்பேன். கடன் தீரவில்லை என்பதை அறிய ஒப்பீட்டுக் கூட்டம் தேவையில்லை. எதற்காக விற்றார்களோ அது நிறைவேறவில்லை; அதனை அவர்களிடமே கேட்டறிந்தனர்.

இடையில் ஒன்று. காசு பேசி, பேசிய காசிலும் வஞ்சிக்கப்பட்ட பெண்ணை நம் செய்தித்தாள்கள் இன்றும் ‘கொடையாளி’ என்றே எழுதுகின்றன. கொடை என்னும் சொல்லை இவ்வாறு தேய்ப்பது தமிழுக்கும் நன்றன்று, அப்பெண்ணுக்கும் நன்றன்று.

எங்கள் சகோதரியோ விற்பவரல்லர். அன்பினாற் கொடுப்போரைப் பற்றிய பெரிய கணக்கு 2009இல் மினசோட்டாவிலிருந்து வந்தது. 1963 முதல் 2007 வரை கொடுத்த 3698 பேரில் 11 பேருக்கே சிறுநீரகம் முற்றும் செயலிழந்தது. பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 180 என்பது அவ்விகிதம். பொதுமக்களில் அது 268. கொடுத்தவர் மற்றவரினும் நலமாயுள்ளனர் என்று உலகம் மகிழ்ந்தது. இந்த ஒப்பீடுதான் எனக்கு உடன்பாடன்று. நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று சலித்துச் சலித்துத் தேர்ந்தவரிடமிருந்தே சிறுநீரகம் எடுக்கிறார்கள். விதைநெல்லாகப் பொறுக்கிய மணியைக் களத்துக் குவியலோடு வைத்து, ‘இதிற் பதர் குறைவு’ என்று வியப்பதில் என்ன பொருள்?

இப்பிழையைத் திருத்த ஐந்தாண்டு ஆயிற்று. 2014இல் நார்வே நாட்டார் 1901 கொடையாளரை, அவர்களைப் போன்றே நலமுடைய 32,621 பேரோடு ஒப்பிட்டனர். கொடுத்தவரில் 9 பேருக்கும், கொடாதவரில் 22 பேருக்கும் சிறுநீரகம் செயலிழந்தது. எண்ணிக்கை சிறிது, விகிதமோ பன்மடங்கு. கெட்டதும் உடனே அன்று, ஏறத்தாழ 19 ஆண்டு கழித்து. அந்த ஒன்பதின்மரும் பெற்றவரின் இரத்த உறவினர் என்பது உடன்பிறந்தார் அனைவரும் நோக்கற்பாலது. அதே ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் 96,217 அமெரிக்கக் கொடையாளரைக் கொண்டு வாழ்நாள் இடரை மதிப்பிட்டனர். பதினாயிரம் பேருக்குக் கொடுத்தவரில் 90, நலமிருந்தும் கொடாதவரில் 14, பொதுமக்களில் 326. மூன்று எண்ணும் ஒரே கட்டுரையில் உள்ளன. 90ஐ 326க்கு அருகில் வைத்தால் அச்சமில்லை என்போம். 14க்கு அருகில் வைத்தால் சற்றுத் தயங்குவோம். கொடுக்க நிற்பவர்க்கு உரிய ஒப்பு இரண்டாவதே. இவர்கள் நார்வேயினரும் அமெரிக்கரும் என்பதையும், நீரிழிவு சிங்கப்பூர் இந்தியரிடையே மிகுதி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கு முதற் சிறுநீரக மாற்று நடந்தது 1970இல். 1987இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. உயிரோடிருப்போர் கொடுப்பதாயின், மருத்துவரோடு பொதுமக்களில் ஒருவரும் அமர்ந்த நெறிக்குழு அவரை நேரிற் கண்டு, வற்புறுத்தலின்றித்தான் கொடுக்கிறாரா என்று கேட்டறிந்தே ஒப்புதல் தரும். கேட்கும் கேள்விகள் நல்லனவே. பதில் சொல்ல வருபவர் கையில் எந்த எண் இருக்கிறது என்பதும் அவற்றோடு சேர்ந்ததுதான்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அச்சகோதரியிடம் கொடுத்தேன். நின்றவாறே படித்தார். கொடுப்பதில்லை என்று அவர் மனம் மாறவில்லை. அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகிறார். தாளைத் திருப்பி நீட்டி, “அந்த 326 எனக்கு எதுக்குண்ணே? 90ஐயும் 14ஐயும் மட்டும் தனியா எழுதிக் குடுங்க, டாக்டர்கிட்டக் காட்டிக் கேக்கிறேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன்.