நிலவை விட்டு இறங்காத பாட்டு

நரக சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் நம் பிள்ளைகள் பட்டாசுக்கு ஓடுவார்கள். புணேக்காரர்கள் உட்டணம் என்ற வாசனைப் பொடி பூசிக் குளித்துவிட்டுப் பாட்டுக் கேட்கக் கிளம்புவார்கள். 'திவாளி பஹாட்' என்று இதற்குப் பெயர். பழைய நகரத்தின் பூங்காக்களிலும் நாடக அரங்குகளிலும் வளர்ந்த வழக்கம், இப்போது புறநகரான பாணேரின் அடுக்குமாடி வளாகங்கள் வரை வந்துவிட்டது. கட்டுமான நிறுவனத்தின் பேனருக்குக் கீழே ஒரு ஹார்மோனியம், தபலா, கீபோர்டு. முன்வரிசையில் மோக்ராச் சரம் வைத்த பாட்டிமார்கள். பின்வரிசையில் தூக்கம் கலையாத ஐ.டி. இளைஞர்கள். கச்சேரி முடிந்ததும் சக்லி, சிவ்டா, லாடு. பாடப்படுபவை பெரும்பாலும் அறுபது, எழுபது வயதான காதல் பாட்டுகள். மராத்தியில் இவற்றை பாவகீதம், அதாவது உணர்ச்சிப் பாட்டு, என்கிறார்கள்.

சினிமாவில் வராத, நடனம் இல்லாத, பக்திக்காகப் பாடப்படாத ஒரு காதல் பாட்டு மூன்று தலைமுறைக்கு எப்படி வாய்ப்பாடமாக நிற்கிறது? பாணேரில் குடியிருந்து, மராத்தியைக் காதால் கற்ற தமிழன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னை விடுவதே இல்லை. இதோடு ஒப்பிட உலகில் ஒன்று உண்டென்றால் அது பிரெஞ்சுக்காரர்களின் ஷான்சோன்தான். எடித் பியாஃப், ழாக் பிரெல், ஷார்ல் அஸ்னவூர் பாடியவற்றைப் பாரிஸில் இன்றும் அப்படித்தான் கூடப் பாடுகிறார்கள். இரண்டிலும் பாட்டின் உயிர் சொல்லில் இருக்கிறது. ராகம் அதைச் சுமக்கிறது. குரல் அதை மறைக்காமல் ஒதுங்கிக்கொள்கிறது.

புணேக்கு இது சும்மா கிடைத்துவிடவில்லை. 1923இல் இங்கே 'ரவிகிரண் மண்டல்' என்ற கவிஞர் குழு உருவானது. மாதவ் ஜூலியன், யஷ்வந்த், கிரீஷ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். தங்கள் கவிதைகளை மேடையில் இசைத்துச் சொன்னார்கள். கேட்கக் கூட்டம் கூடியது. பாரசீகம் படித்த மாதவ் ஜூலியன் மராத்திக்கு கஜல் வடிவத்தைக் கொண்டுவந்தவர். காதலை வெளிப்படையாக எழுதியவர். அடுத்த பத்தாண்டில் கிராமபோன் இந்தப் பழக்கத்தைப் பற்றிக்கொண்டது. நா. க. தேஷ்பாண்டேயின் கவிதை ஒன்றை ஜி. என். ஜோஷி பாடிய இசைத்தட்டைத்தான் பலரும் பாவகீதத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். பிறகு கஜானன் வாட்வே வந்தார். கணேஷோத்ஸவத்தின்போது தெருவில் மைக் வைத்துக் கவிதைகளைப் பாட, கேட்பவர்கள் சாலையை அடைத்து நின்றார்கள். அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். இந்துஸ்தானி கியால் பாடகர் அரை மணி நேரம் விரிக்கும் உணர்ச்சியை மூன்று சரணத்தில் சொல்லி முடிக்க வேண்டும். பாரிஸிலும் இதே தட்டு, இதே கட்டாயம். இரண்டு ஊர்களின் பாட்டிலும் உள்ள சிக்கனத்துக்கு ஒரு காரணம் இந்த அரக்குத் தட்டு.

இன்னொரு காரணம் வானொலி. 1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்ததும் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிப்போனது. இலங்கை வானொலிக்கு அதனால் அடித்த யோகத்தைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அந்தக் காலியிடத்தை நிரப்ப நிலையந்தோறும் மெல்லிசையை வளர்த்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். 1953இல் புணே நிலையம் தொடங்கியது. 1955 ராமநவமியன்று அங்கிருந்து 'கீத் ராமாயண்' ஒலிக்கத் தொடங்கியது. க. தி. மாட்கூள்கர் எழுத, சுதீர் பட்கே இசையமைக்க, வாரம் ஒரு பாட்டு என்று ஓராண்டு. அந்த ஆண்டு பஞ்சாங்கத்தில் அதிக மாதம் ஒன்று கூடுதலாக வந்ததால் மொத்தம் 56 பாட்டுகள். மாணிக் வர்மா, வசந்தராவ் தேஷ்பாண்டே போன்றவர்கள் வானொலியில் பாடினார்கள். பிற்பாடு பட்கே தானே ஹார்மோனியம் வைத்துக்கொண்டு மேடைதோறும் பாடினார்.

அதில் முதல் பாட்டைக் கொஞ்சம் கூர்ந்து கேட்கலாம். லவனும் குசனும் ராமன் முன் அமர்ந்து அவன் கதையை அவனுக்கே பாடுகிறார்கள். ராகம் பூப்; நம் காதுக்கு அது மோகனம். மோகனத்தை எடுத்தால் பிருகாவும் ஸ்வரமுமாக விரிக்கத்தான் பாடகருக்குக் கை துறுதுறுக்கும். பட்கே அதைச் செய்யவில்லை. மெட்டு ஏறக்குறைய அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. சரணத்துக்குச் சரணம் சொல் மட்டும் கதையை முன்னே நகர்த்துகிறது. ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் விழுகிறது. மராத்தி அரைகுறையாகத் தெரிந்த எனக்கே வரி புரிந்ததென்றால் அது அவருடைய உச்சரிப்பின் தயவு. இது காதல் பாட்டு இல்லைதான். என்றாலும் பாவகீதக்காரர்கள் காதலுக்குச் செய்ததும் இதையேதான்: சொல் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மங்கேஷ் பாட்காவ்கர் எழுதி, ஸ்ரீநிவாஸ் களே இசையமைத்து, அருண் தாத்தேயும் சுதா மல்ஹோத்ராவும் சேர்ந்து பாடிய 'சுக்ரதாரா' 1960களின் தொடக்கத்தில் வந்தது. இன்றும் அது இல்லாமல் ஒரு திவாளி பஹாட் நிறைவதில்லை. கேட்க எளிதாகத் தோன்றும் களேயின் மெட்டுகள் பாடப் போனால் கழுத்தைப் பிடிக்கும் என்று மராத்திப் பாடகர்கள் சொல்வார்கள். அந்த உழைப்பு வெளியே தெரிவதில்லை. பாட்டு இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதுபோலவே போய் முடிகிறது. கேட்பவர் எவரும் வீட்டில் முணுமுணுக்கலாம் என்ற துணிச்சலை அது தருகிறது. நீடித்த கவர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

தமிழில் நாம் வேறு பாதையில் போனோம். பாரதியும் பாரதிதாசனும் மக்கள் வாயில் நிலைத்ததில் சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் அமைத்த பாரதிதாசன் பாட்டே 1951இல் 'ஓர் இரவு' படத்தில் வந்த பிறகுதான் ஊரெங்கும் பரவியது. கண்ணதாசனைப் போன்ற கவிஞனைத் திரை முழுசாக எடுத்துக்கொண்டது; அதனால் நமக்குக் கிடைத்தவையும் சாதாரணமானவை இல்லை. ஆனால் எழுதப்பட்ட கவிதையை, கதைச் சூழலுக்கு வளைக்காமல், அப்படியே இசைத்துக் கேட்கும் ஒரு கூடம் நமக்கு அமையவில்லை. வானொலி மெல்லிசை மேடைக்கு வராமலே தேய்ந்தது. மராத்தியில் அந்தக் கூடம் இன்னும் இருக்கிறது, டிக்கெட் வாங்கி மக்கள் வருகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையே வருகிறது.

அதனால்தான் அதன் குறைகளும் என்னை உறுத்துகின்றன.

முதலில் தேர்வு. பாட்காவ்கர் நிலவையும் மழையையும் பாடிய கவிஞர் மட்டும் இல்லை. 1978இல் அவர் வெளியிட்ட 'சலாம்' தொகுப்பு, அதிகாரத்துக்கு அஞ்சி எல்லோருக்கும் கும்பிடு போடும் சாமானியனின் கோபம் நிறைந்த நூல். 1980இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. மேடையில் அவர் பெயரைச் சொல்லும்போது அந்த நூலைத் தொடுவதே இல்லை. கவிஞர் சுரேஷ் பட்டும் அப்படித்தான் பாதியாக்கப்பட்டார். அவருடைய காதல் கஜல்கள் பாடப்படுகின்றன. விடியும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்த கதையைச் சொல்லி, 1979இல் 'சிம்ஹாசன்' படத்தில் வந்த பாட்டு விடியற்காலைக் கச்சேரிக்கு 'பொருந்தாது' என்று ஒதுக்கப்படுகிறது. பாவகீதம் மென்மையானது என்று சொல்பவர்கள், அந்தக் கவிஞர்களில் மென்மையான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. இந்தப் பாட்டுகளில் காதலிப்பவர்களுக்கு வாடகை கிடையாது, வேலை கிடையாது, சாதி கிடையாது. நிலா, சாயங்காலம், நிஷிகந்தம் என்ற சம்பங்கிப் பூ, ஆற்றங்கரை. பழைய புணேயின் சதாசிவ பேட்டையில் படித்த வீடுகளில் புழங்கிய சுத்தமான மராத்தி. இதே 1950களில் அண்ணாபாவ் சாட்டே எழுதிய 'மாஜி மைனா' பாட்டில் காதலி கிராமத்தில் தங்கிவிடுகிறாள். காதலன் பிழைப்புக்கு மும்பைக்கு வந்துவிட்டான். மராத்தி பேசுவோருக்கு ஒரு மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்ட மேடைகளில் அந்தப் பிரிவு, மாநிலத்துக்கு வெளியே விடப்பட்ட பெல்காமின் பிரிவாகவும் கேட்டது. காதலும் கூலியும் எல்லைக் கோடும் ஒரே பாட்டில் வந்துவிட்டன. சாட்டே மாதங்க் சாதியில் பிறந்த தொழிலாளி. அவருடையது ஷாஹிரி, அதாவது மக்கள் மேடைப் பாட்டு, என்று வேறு பெட்டியில் போடப்பட்டு, திவாளி பஹாட் பட்டியலில் இடம் பெறாமலே போயிற்று. உணர்ச்சிதான் அளவுகோல் என்றால், அந்தப் பாட்டை விட்டுவிட்டுச் செய்யும் பட்டியலை நான் முழுமையானது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஷான்சோன் இந்த இடத்தில் தைரியமாக இருந்தது. 1959இல் பியாஃப் பாடிய 'மிலோர்' பாட்டில், காதலி கைவிட்டுப் போன ஒரு சீமானைத் துறைமுகத்துப் பெண் ஒருத்தி உட்காரவைத்துத் தேற்றுகிறாள். வர்க்கம் அந்தக் காதலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பிரெல் கப்பல் தொழிலாளிகளையும் முதுமையில் ஒடுங்கிய தம்பதிகளையும் பாடினார். ழார்ஜ் பிராசான்ஸ் பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞன் வியோனை எடுத்து இசையமைத்தார்; லேயோ ஃபெரே போதலேரை எடுத்தார், அவருடைய காலத்திலேயே வாழ்ந்த அரகோனையும் எடுத்தார். பழைய கவிதைக்கும் சமகாலக் கவிதைக்கும் ஒரே மேடை கிடைத்தது. ஷான்சோனும் குறையற்றது இல்லை. ஒரு ஆணுக்காக உருகி அழிவதே பெண்ணின் காதல் என்பதை அது எத்தனையோ முறை பாடி அழகாக்கியிருக்கிறது. பாவகீதத்திலும் பெண் பெரும்பாலும் காத்திருக்கிறாள். அவளுக்கான சொற்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சாந்தா ஷேள்கேயைப் போன்ற கவிஞர், டாக்டர் வசந்த் அவசரே என்ற ஆண் பெயரிலும் பாட்டு எழுதியிருக்கிறார் என்பதைச் சேர்த்து நினைத்தால் மனசு கனக்கிறது.

நிகழ்ச்சியின் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டுக்குப் பாட்டு இடையே நிவேதகர் என்ற தொகுப்பாளர் வருவார்: இந்த மெட்டு எப்படிப் பிறந்தது, பாபுஜி (பட்கே) அன்று என்ன சொன்னார், கவிஞர் எந்த ரயிலில் எழுதினார். சில கதைகள் அருமையானவை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கதை நீண்டு பாட்டு குறைகிறது. மேடையில் பாடுபவர் அருண் தாத்தேயின் மூச்சு இடைவெளியைக்கூட அப்படியே எடுத்து வைக்கிறார். மாறினால் சபை முகம் சுளிக்கும். இதனால் நேர்கிற பாதிப்பு சிறியதல்ல. ஒரு கவிதையை இன்றைய குரல் இன்றைய அனுபவத்தோடு படிப்பதற்கு வழியே இல்லாமல் போகிறது. 'வன்ஸ் மோர்' என்று கூவுவது மராத்தி நாடகக் கூடத்தின் பழைய உற்சாகம். இப்போது அந்தக் கூவல் கேட்ட பாட்டையே கேட்க மட்டும் பயன்படுகிறது.

புதிய பாட்டுக்கு இடம் ஒதுக்க பிரான்ஸ் சட்டமே போட்டது. 1994இல் நிறைவேறி 1996இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டில் 40 சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். அதில் பாதி புதிய பாடகர்கள் அல்லது புதிய வெளியீடுகளாக இருக்க வேண்டும். மொழிக்கு இடம் ஒதுக்கியதைவிட, புதியதற்கு என்று தனியாக ஒதுக்கியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பியாஃபின் பாட்டுகளை மட்டும் போட்டு 40 சதவீதத்தை நிரப்பிவிட முடியாது.

மராத்திச் சபை புதியதைக் கேட்காது என்று அமைப்பாளர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. புணேயைச் சேர்ந்த சந்தீப் கரேயும் சலீல் குல்கர்ணியும் 2003 வாக்கில் 'ஆயுஷ்யாவர் போலூ காஹீ' என்ற மேடையைத் தொடங்கினார்கள். கவிதையும் புதிது, மெட்டும் புதிது, அரங்கு நிரம்பியது. அவர்களுடைய பாட்டு ஒன்றில் ஓர் அப்பா அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்புகிறார். அதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. ஐ.டி. நிறுவனங்கள் உள்ள ஹிஞ்சவடியிலிருந்து பாணேருக்கு நெரிசலில் ஊர்ந்து வரும் ஒவ்வொரு அப்பனின் கதை அது. கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆண்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லுக்கு முதலிடம் தரும் பழைய முறைதான் அங்கும் வேலை செய்தது. நிலாவும் நிஷிகந்தமும் மட்டும் இல்லை.

புணேயின் அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளில் இன்று எழுதும் மராத்திக் கவிஞர்களின் தொகுப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு விடியற்காலைக்கு இருபது பாட்டு என்றால், ஐந்தையாவது அந்த அடுக்கிலிருந்து எடுத்து மெட்டமைக்கச் சொல்லி இளைஞர்களிடம் தரலாம். ஒன்று சாட்டேயுடையதாக இருக்கட்டும், ஒன்று 'சலாம்' தொகுப்பிலிருந்து வரட்டும். முன்வரிசையில் முணுமுணுப்பு எழும். பேனர் கட்டிய நிறுவனம் 'குடும்ப நிகழ்ச்சிக்கு இது எதற்கு?' என்று கேட்கும். வாட்வே தெருவில் மைக் முன் நின்று பாடியபோது அவர் பாடியவை எல்லாமே புதுப் பாட்டுகள்தான் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல, எங்கள் வளாகத்திலேயே இரண்டு மூன்று பேர் தயாராக இருக்கிறோம்.