பரப்பின் கணக்கும் ஆழத்தின் மறுமொழியும்

குடிநீரானாலும் கழிவுநீரானாலும் சுத்திகரிப்பின் தொடக்கக் கட்டங்களில் பெரும்பாலும் நடப்பது ஒன்றே: கனமானதைக் கீழே விழ விடுவது. துணியையும் பிளாஸ்டிக்கையும் கம்பிச் சல்லடை தடுத்த பிறகு மணல் தொட்டி, முதல்நிலைத் தெளிவுத் தொட்டி, படிகாரம் கலந்த நீரைத் தேக்கும் படிவுத் தொட்டி எல்லாம் புவியீர்ப்பை நம்பியே நிற்கின்றன. அந்த நம்பிக்கைக்குக் கணக்கு தந்தது ஆலன் ஹேசன் 1904இல் வெளியிட்ட படிவு பற்றிய கட்டுரை. வடிவமைப்பாளர்கள் அதை இன்றுவரை கைவிடவில்லை. அது கைவிடத்தக்கதும் அன்று. ஆனால் அதன் செல்லுபடி எதுவரை என்பதைக் கட்டம் கட்டமாக உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹேசனின் வாதம் சுருக்கமானது, துணிச்சலானது. தொட்டியில் நீர் எத்தனை மணிநேரம் தங்குகிறது என்பதே அதுவரை அளவுகோலாக இருந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் ஏறுகிறது என்பதே உண்மையான அளவுகோல் என்றார் அவர். இந்த அளவுகோலின் பெயர் மேற்பரப்புச் சுமை; அது நாளுக்கு 30 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீர் 2.4 மணிநேரம் தங்கும், மணிக்கு 1.25 மீட்டர் விழும் துகள் சரியாக அடித்தளத்தைத் தொடும். ஆழத்தைப் பாதியாக்கினால் தங்கும் நேரம் பாதியாகிறது, விழ வேண்டிய தொலைவும் பாதியாகிறது. துகள் அப்போதும் தரையைத் தொடுகிறது. ஆழம் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. உள்ளுணர்வுக்கு மாறான முடிவை இரண்டு வரியில் மறுக்க முடியாதபடி நிறுவியதுதான் இந்தக் கட்டுரையின் தலையாய சாதனை.

இந்தக் கோட்பாடு மிக நன்றாகப் பொருந்துமிடம் மணல் தொட்டி. மணல் துகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, விழும் வழியில் பருப்பதில்லை. ஆனால் அங்கே வேண்டுவது இரட்டைத் தேர்ச்சி. மணல் விழ வேண்டும், மலமும் உணவுக் கழிவும் விழாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். நீரோட்டத்தை விநாடிக்கு 0.3 மீட்டர் அளவில் வைத்திருப்பது இதற்காகத்தான். அதிகாலையில் ஊர் குளிக்கும்போது ஏறி நள்ளிரவில் வற்றும் வரத்தை அந்த ஒரே வேகத்தில் ஓடவைக்க, வெளியேறும் வாயிலில் ஓட்டத்துக்கேற்ற வடிவத்தில் தடுப்பணை அமைக்கிறார்கள். இது நன்றாக வேலை செய்கிறதா என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. வாரிப் போட்ட மணல் குவியலருகே நின்றால் போதும். நாற்றம் மூக்கைத் துளைத்தால் வேகம் தவறியிருக்கிறது. பரப்பு எவ்வளவு விழும் என்று சொல்கிறது. எது விழக் கூடாது என்பதை ஓட்டமே தீர்மானிக்கிறது. ஹேசனின் கணக்கு இங்கே மெய்யானது, ஆனால் பாதி.

தெளிவுத் தொட்டியில் நிலை மாறுகிறது. கழிவுநீரின் துகளும் படிகாரத் திரளும் விழும்போதே ஒன்றையொன்று பற்றிப் பெருக்கின்றன; பெருத்தது வேகமாக விழுகிறது. அப்படியானால் விழும் தொலைவு துகளை வளர்க்கிறது. ஹேசன் துரத்திய ஆழம் பின்வாசல் வழியே திரும்பி வருகிறது. முதல்நிலைத் தொட்டிக்குச் சுமார் 2 மணிநேரத் தங்கல் வேண்டும் என்று இன்றைய கையேடுகள் மேற்பரப்புச் சுமையோடு சேர்த்தே கேட்பது இதனால்தான். இதற்கும் மேலாக வெயிலும் காற்றும் உண்டு. வெதுவெதுப்பான நீர் மேலே சறுக்கி நேரே வெளியேறும். குளிர்ந்த நீர் அடியில் பாய்ந்து கசடைக் கிளப்பும்.

குறையை யார் கணக்கில் எழுதுவது என்பதில் நியாயம் வேண்டும். நீர் அசைவற்றுக் கிடக்கும் என்று ஹேசன் நம்பவில்லை. நல்ல தொட்டி, மோசமான தொட்டி என்று தரம் பிரித்து வெவ்வேறு வளைகோடுகள் வரைந்தார். அந்தக் கோடுகளை மறந்து ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது பின்வந்த பழக்கம். தட்டுகளை அடுக்கிப் பரப்பைப் பெருக்கலாம் என்ற அவரது யோசனை, கசடு வழிக்க முடியாமல் பெரும்பாலும் காகிதத்தில் தங்கியது. 1960களில் அதே யோசனை சாய்ந்த குழாய்களாகவும் தகடுகளாகவும் நடைமுறைக்கு வந்தது. சாய்வில் கசடு தானாகச் சறுக்கியது. ஒரு கோட்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த சான்று கேட்க முடியாது.

அவர் உண்மையில் தொடாமல் விட்டது விழுந்ததன் கதி. அதைத் தொட்டவர் கார்ல் இம்ஹாஃப். 1906இல் ஜெர்மனியின் எம்ஷர் படுகைக்காக அவர் உருவாக்கிய இரண்டடுக்குத் தொட்டியில், மேலறையின் செங்குத்தான சரிவில் வழுக்கும் கசடு ஒரு குறுகிய பிளவு வழியே கீழறைக்குப் போய் அங்கே செரிக்கிறது. சரிவுப் பலகைகளில் ஒன்று மற்றதன் அடியில் நீண்டிருப்பதால் கீழே எழும் வாயு தெளியும் நீருக்குள் புகுவதில்லை. செப்டிக் டேங்க் ஒரே அறையில் குழப்பிய இரு பணிகளை இது பிரித்தது. கழிவுநீரில் ஒரு பகுதியைக் கீழறை வழியாகவும் விட்ட டிராவிஸ் தொட்டியைவிட இதில் ஒழுங்கு கூடுதல். எந்திரமும் வேண்டாம். விலையும் உண்டு: தோண்ட வேண்டிய ஆழம் அதிகம், நுரை பொங்கும், கீழறையைச் சூடாக்கவோ கலக்கவோ வழியில்லை. பெருநகரங்கள் கசடுச் செரிப்பைத் தனிக் கலத்துக்கு மாற்றியது சரியே. மின்சாரம் நிச்சயமில்லாத சிற்றூருக்கு இம்ஹாஃபின் வடிவம் இன்றும் தகுதியானது.

இருவரில் ஹேசனே பெரியவர் என்பது என் தீர்ப்பு. இம்ஹாஃபின் தொட்டியை வேறொரு தொட்டி இடம்பெயர்க்க முடிந்தது. ஹேசனின் அளவுகோலைத் திருத்தவே முடிந்தது. ஆனால் அந்த அளவுகோல் ஒரு தொட்டிக்குத் தகுதிச் சான்றாகாது. மேற்பரப்புச் சுமை கச்சிதமாக இருந்தும் நுழைவாயில் நீரைப் பீய்ச்சினால், வெளியேறும் விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், துகள் விழுமுன்னே வெளியேறும்; நம் வெயிலில் கசடை வழிக்காமல் சில மணிநேரம் விட்டால், விழுந்தது வாயுவோடு மேலே மிதந்து வரும். அப்படிப்பட்ட தொட்டியைத் தேறியது என்று ஒப்புக்கொள்ள முடியாது, வரைபடத்தில் எண் எவ்வளவு சரியாக இருந்தாலும்.